கோர்.சி என்கிற ஸ்கெட்.சி

1991 ஜனவரி முதல் வாரத்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தவணையில் ஒரு கணினி வாங்கினார். 386 சில்லு, 4 எம்பி நினைவகம். அந்தச் சில்லின் போக்கைப் பழகிக்கொள்ள அவர் எழுதிப் பார்த்த சோதனைகளில் ஒன்று இரண்டு பணிகளை மாறி மாறி ஓடவிடுவது. ஒரு பணி திரையில் ஏ என்ற எழுத்தை அடித்துக்கொண்டே இருக்கும், இன்னொன்று பி என்ற எழுத்தை. கடிகாரத் துடிப்பு வரும்போது சில்லு ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதற்குத் தாவவேண்டும். திரையில் ஏஏஏஏ வந்தது, பிறகு பிபிபிபி, மறுபடி ஏஏஏஏ. லினக்ஸ் இயங்குதளம் முளைத்த இடம் அதுதான்: காத்திருக்கும் பணிகளில் அடுத்த முறை யாருக்கு என்று தீர்மானிப்பது.

அந்த வேலைக்கென்று ஒரு கோப்பு பிறந்தது. கர்னல் என்ற ஃபோல்டருக்குள் ஸ்கெட்.சி என்று பெயர். 1991 செப்டம்பர் 17 அன்று வெளிவந்த 0.01 பதிப்பில் அது சுமார் 250 வரிகள். இன்று அந்தக் கோப்பு வேறு ஃபோல்டரில், வேறு பெயரில், கிட்டத்தட்ட எல்லா வரிகளும் மாறிய நிலையில் இருக்கிறது. ஆனாலும் அதே கோப்புதான். அப்படிச் சொல்ல நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? பதிப்புக் கட்டுப்பாடு என்ற துறை முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும் என்று நான் நினைக்கிறேன். அதனால் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பற்றிப் பாடம் நடத்துவதை விட, இந்த ஒரு கோப்பின் கூடவே நடந்து போய்ப் பார்ப்பது நல்லது.

0.01 பதிப்பின் ஸ்கெட்.சியை இன்றும் இறக்கிப் படிக்கலாம். தொடக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: கர்னலின், அதாவது இயங்குதளத்தின் உள்மையத்தின், முக்கியக் கோப்பு இது, உறங்கு, எழுப்பு, முறை வழங்கு ஆகிய அடிப்படை வேலைகளும் கெட்பிஐடி போன்ற சில சிறிய அழைப்புகளும் இதில் உண்டு என்று. கொஞ்சம் கீழே, ஸ்கெட்யூல் என்ற செயற்கூறின் தலைமேல் இன்னொரு குறிப்பு. இது நல்ல நிரல், எல்லாச் சூழலிலும் நன்றாக ஓடும், இதை மாற்றவேண்டிய அவசியம் அநேகமாக வராது என்று அதில் எழுதியிருக்கிறார். மாணவப் பருவத்தில் தன் கையால் ஒன்றைச் செய்து அது ஓடுவதைப் பார்த்தவருக்கு வருகிற நிறைவு அது. நிரலும் நல்ல நிரல்தான். அதிகபட்சம் 64 பணிகள். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்து, கையிருப்பு நேரம் அதிகமாக உள்ளதைத் தேர்ந்தெடுக்கும். எல்லாருடைய கையிருப்பும் தீர்ந்துவிட்டால், மீண்டும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு முதலிலிருந்து பார்க்கும். ஒரே சில்லு, ஒரே பயனர், வீட்டு மேசை. அந்த உலகத்துக்கு அது போதும்.

அப்போது அந்தக் கோப்புக்குப் பதிப்புக் கட்டுப்பாடு என்று ஒன்றும் இல்லை. முழு கர்னலையும் டார் கோப்பாகக் கட்டி ஃபின்லாந்தின் எஃப்டிபி சர்வர் ஒன்றில் போடுவார்கள். அடுத்த பதிப்பு வந்தால் இன்னொரு டார். நடுவில் என்ன மாறியது, ஏன் மாறியது என்பதற்கு அந்த மூட்டைக்குள் இடம் கிடையாது. பழைய பதிப்புகளில் பல இன்று நமக்குக் கிடைப்பதே, யாரோ சிலர் அவற்றை அழிக்காமல் வைத்திருந்ததால்தான்.

கருவியே அன்று இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972இலேயே எஸ்சிசிஎஸ் எழுதிவிட்டார். பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி 1982இல் ஆர்சிஎஸ் செய்தார். கடைசிப் பதிப்பை முழுதாக வைத்துக்கொண்டு, பழையவற்றைப் பின்னோக்கிய வித்தியாசங்களாகச் சேமிக்கும் நேர்த்தியான யோசனை அதில் இருந்தது. 1986இல் ஆம்ஸ்டர்டாமின் ஃப்ரைய பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூன, ஆர்சிஎஸ் மேல் சில ஷெல் ஸ்கிரிப்ட்களை எழுதி சிவிஎஸ்ஸுக்கு அடி போட்டார். டோர்வால்ட்ஸ் தன் கணினியில் ஓட்டிப் பழகிய மினிக்ஸ் இயங்குதளம் எழுதப்பட்டதும் அதே பல்கலைக்கழகத்தில்தான். சிவிஎஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவர் அதைத் தொடவில்லை. பின்னாளில் பலமுறை சொன்னது போல, அவருக்கு அது பிடிக்கவில்லை.

பதிலாக ஸ்கெட்.சி பயணம் செய்தது மின்னஞ்சலில், பேட்ச்களாக. டக்ளஸ் மெக்கில்ராய் 1970களின் தொடக்கத்தில் எழுதிய டிஃப், இரண்டு கோப்புகளுக்கு இடையிலுள்ள பாடபேதத்தைக் காட்டும். லாரி வால் 1985இல் எழுதிய பேட்ச், அந்தப் பாடபேதத்தை வாங்கிப் பழைய கோப்பின் மேல் ஏற்றும். ஒரு பேட்ச்சைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கழித்தல் குறியோடு ஒரு வரி: இது போகட்டும். கூட்டல் குறியோடு ஒரு வரி: இது வரட்டும். மேலும் கீழும் மூன்று மூன்று வரிகள் குறி எதுவும் இல்லாமல் இருக்கும். அவை இடத்தை அடையாளம் காட்டும் சாட்சிகள். பெறுபவரின் கோப்பில் இதற்கிடையே பத்து வரிகள் கூடியிருந்தாலும், அந்தச் சாட்சிகளை வைத்துச் சரியான இடத்தைப் பேட்ச் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத மனிதர்கள் ஒரே கோப்பில் வேலை செய்ய முடிந்தது இந்தச் சின்ன ஏற்பாட்டால்தான். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் கர்னல் உலகத்தில் பேட்ச்கள் மின்னஞ்சலில் போய்வருகின்றன.

வரலாற்றை எங்கே எழுதுவது? கோப்புக்குள்ளேயே எழுதினார்கள். ஸ்கெட்.சியின் தலைப்பில் தேதி போட்டு ஒரு பட்டியல் வளரத் தொடங்கியது. 1996 டிசம்பர் 23: செமஃபோர் பிழைகளைத் திருத்தியவர் டேவ் க்ரோத். 1998 நவம்பர் 19: ஸ்கெட்யூல் டைம்அவுட், ஆந்த்ரேயா ஆர்காஞ்சேலி. 2002 ஜனவரி 4: இங்கோ மோல்னாரின் புதிய முறைவழங்கி. வீட்டில் பிறப்பு இறப்புகளைப் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதி வைப்பது போல, பெரிய நிகழ்வுகள் மட்டும் அதில் ஏறின. சின்ன மாற்றங்கள் ஏறவில்லை. எந்த வரியை யார் மாற்றினார் என்றும் அதில் தெரியாது. ஆனாலும் அந்தப் பட்டியலை மதிப்போடுதான் படிக்கிறேன். ஒரு கோப்புக்கு நினைவு வேண்டும் என்று அதைத் தொட்டவர்களே உணர்ந்து தங்கள் கையால் எழுதியது அது.

அந்த 2002 ஜனவரி வரி பெரிய அறுவை சிகிச்சை. மாற்றவேண்டி வராது என்று எழுதப்பட்ட அந்தச் சுற்று, இருக்கும் பணிகள் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் பார்த்து வந்தது. பல சில்லுகளும் ஆயிரக்கணக்கான பணிகளும் உள்ள சர்வர்களில் அது மூச்சு வாங்கியது. பத்துப் பணி இருந்தாலும் பத்தாயிரம் இருந்தாலும் அடுத்ததைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவு நேரம்தான் ஆகவேண்டும் என்று மோல்னார் அதைத் திருப்பி எழுதினார்.

இதே காலத்தில் கோப்பைச் சுற்றியிருந்த மனிதர்களும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் பேட்ச்சும் டோர்வால்ட்ஸ் ஒருவரின் அஞ்சல் பெட்டிக்குப் போனது. பார்க்க நேரமில்லாமல் பல தொலைந்தன. அனுப்பியவர் மறுபடி அனுப்பவேண்டும், மறுபடியும் அனுப்பவேண்டும். 1998இலேயே இது வெளிப்படையான சண்டையாக வெடித்தது. அதைப் பார்த்த லாரி மெக்வாய், இதற்கு ஏற்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறையை நான் செய்து தருகிறேன் என்று முன்வந்தார். அதுதான் பிட்கீப்பர். ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். கிளைகளை ஒன்றோடொன்று சேர்ப்பது அன்றாட வேலையாக இருக்கும். உள்ளே கோப்புகளைச் சேமிக்கும் முறை மட்டும் பழைய எஸ்சிசிஎஸ் வழி வந்தது.

2002 பிப்ரவரியில் டோர்வால்ட்ஸ் பிட்கீப்பருக்கு மாறினார். புதிதாகத் திருப்பி எழுதப்பட்ட கையோடு ஸ்கெட்.சிக்கு முதன்முறையாக ஒரு பதிவேடு கிடைத்தது. ஆனால் பிட்கீப்பர் அன்று ஒரு நிறுவனத்தின் சொத்து. கர்னல் ஆட்களுக்கு இலவசமாக ஓட்ட அனுமதி, மூல நிரல் கிடையாது, நிபந்தனைகள் உண்டு. கட்டற்ற மென்பொருளை இப்படிப்பட்ட கருவியில் வைப்பது சரியல்ல என்று பலர் எதிர்த்தார்கள். அவர்களுக்காக ஒரு சிவிஎஸ் நகலும் கூடவே பராமரிக்கப்பட்டது.

அந்த நகலில் 2003 நவம்பரில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்கெட்.சியின் பக்கத்து வீட்டுக் கோப்பு எக்ஸிட்.சி, அதே ஃபோல்டர். அதில் ஒருநாள் இரண்டு வரிகள் புதிதாக வந்திருந்தன. பார்வைக்கு ஒரு சாதாரணச் சோதனை. பயனர் எண் பூஜ்யமா, அதாவது கணினியின் நிர்வாகியா, என்று ஒப்பிடுவது போல இருந்தது. ஒப்பிட இரண்டு சமக்குறி வேண்டும், அங்கே ஒன்றுதான் இருந்தது. ஒரு சமக்குறி என்றால் ஒப்பீடு அல்ல, மதிப்பை ஏற்றுவது. அந்த வரிகள் இருந்த அழைப்பைக் குறிப்பிட்ட விதத்தில் செய்யும் யாரும் நொடியில் கணினியின் அதிபதி ஆகிவிடலாம். யாரோ சிவிஎஸ் நகலுக்குள் புகுந்து வைத்த கள்ளச்சாவி அது. பிடிபட்டது எப்படி? நிரலின் நுட்பத்தை யாரும் ஆராய்ந்து கண்டுபிடிக்கவில்லை. சிவிஎஸ்ஸில் வரும் ஒவ்வொரு மாற்றத்திலும் அது பிட்கீப்பரின் எந்த மாற்றத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கும். இந்த இரண்டு வரிகளுக்கு அப்படி ஒரு தாய்ப்பத்திரம் இல்லை. சரிபார்த்தபோது வித்தியாசம் நின்றது. உண்மையான கர்னலுக்குள் அது போய்ச் சேரவே இல்லை. ஒரு கோப்பு எங்கிருந்து வந்தது என்ற பதிவு எதற்கு என்று யாராவது கேட்டால், எக்ஸிட்.சியின் அந்த இரண்டு வரிகளைத்தான் நான் காட்டுவேன்.

2005 ஏப்ரலில் பிட்கீப்பர் உறவு முறிந்தது. ஆண்ட்ரூ டிரிட்ஜெல் பிட்கீப்பர் சர்வரோடு பேசும் ஒரு கட்டற்ற கருவியை எழுத முனைந்தார், மெக்வாய் இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கர்னலின் கோப்புகள் நடுத்தெருவில் நின்றன. டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 அன்று புதிய கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். 7ஆம் தேதி அந்தக் கருவியின் நிரலே அந்தக் கருவிக்குள் குடியேறிவிட்டது. கிட். 16ஆம் தேதி கர்னலை அதில் ஏற்றினார். 17,000க்கும் மேற்பட்ட கோப்புகள், 67 லட்சம் வரிகள், ஒரே கமிட், அதாவது ஒரே பதிவு. ஸ்கெட்.சியும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

அந்த முதல் கமிட்டின் அடையாளம் 1டிஏ177ஈ4 என்று தொடங்கும். கர்னலில் வேலை செய்பவர்களுக்கு மனப்பாடமான எண் அது. அதன் செய்தியில் டோர்வால்ட்ஸ் மறைக்காமல் எழுதியிருக்கிறார்: பழைய வரலாறு முழுவதும் நம்மிடம் இருக்கிறது, ஆனால் இதில் கொண்டுவரவில்லை, கிட்டில் ஏற்றினால் 3.2 ஜிபி ஆகிறது, கருவி பிறந்த நாட்களில் அவ்வளவு சுமை வேண்டாம், வேண்டுமானால் பிறகு தனியாக ஒரு வரலாற்றுக் களஞ்சியம் செய்துகொள்ளலாம். அன்றைய நிலையில் அது நியாயமான முடிவு. அடுத்த நாள் வேலை நடந்தாக வேண்டும். ஆனால் ஸ்கெட்.சியின் கதையில் அந்த இடத்தில் ஒரு சுவர் எழும்பிவிட்டது.

அந்தச் சுவர் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பழைய முறையிலிருந்து கிட்டுக்கு மாறினோம். வரலாற்றைக் கொண்டுவர நேரமில்லை என்று கடைசி நிலையை மட்டும் எடுத்து ஒரே கமிட்டாகப் போட்டார்கள். சில மாதங்களில் பழைய சர்வரையும் அணைத்துவிட்டார்கள். வட்டி கணக்கிடும் கோப்பு ஒன்றில், சில தேதிகளுக்கு மட்டும் ஒருநாள் கூட்டிக் கணக்குப் போடும் வரி இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருநாள் கேட்டான், "அண்ணா, இது தப்பு மாதிரி தெரியுதே, எடுத்துடலாமா?" பார்த்தால் தப்பு போலத்தான் இருந்தது. யார் எழுதியது என்று கிட்டைக் கேட்டோம். இறக்குமதி செய்தவரின் பெயரைக் காட்டியது. அவர் அந்த வரியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. எடுத்தால் எங்கே உடையும் என்று சொல்ல யாரும் இல்லை. நான் அங்கிருந்து விலகிய நாள்வரை அந்த வரி அப்படியேதான் இருந்தது, அதைக் கடந்துபோன ஒவ்வொருவரும் பயந்துகொண்டே கடந்துபோனோம்.

இனி கிட்டுக்குள் ஸ்கெட்.சி எப்படி இருந்தது என்று பார்க்கலாம். இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி இருக்கிறது. கிட் ஒரு கோப்பை வாங்கும்போது அதன் பெயரைக் கழற்றிவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அந்த உள்ளடக்கத்திலிருந்து எஸ்எச்ஏ-1 கணக்குப்படி 40 எழுத்து நீளத்தில் ஓர் அடையாளத்தைக் கணக்கிடும். இதற்குப் பிளாப் என்று பெயர். பிளாப்புக்குத் தன் பெயரும் தெரியாது, தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்பதும் தெரியாது. பெயர்கள் ட்ரீ என்ற வேறொரு பொருளில் இருக்கும்: இந்த ஃபோல்டரில் ஸ்கெட்.சி என்ற பெயருக்கு இந்த பிளாப் என்று. கமிட் என்பது ஒரு ட்ரீயைச் சுட்டும் பத்திரம். எழுதியவர் யார், பதிவு செய்தவர் யார், தேதி, காரணம், இதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தின் அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். ஒரே உள்ளடக்கம் நூறு இடத்தில் இருந்தாலும் பிளாப் ஒன்றுதான். பழைய பத்திரத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் அடையாளம் மாறும், அதைச் சுட்டும் அடுத்ததும் மாறும், கடைசிவரை எல்லாம் மாறும். எக்ஸிட்.சிக்கு நேர்ந்தது போன்ற திருட்டு இந்த அமைப்பில் ஓசைப்படாமல் நடக்க முடியாது. 2011 ஆகஸ்டில் கர்னல் சர்வர்களுக்குள் ஆட்கள் ஊடுருவியது தெரியவந்து, அந்தத் தளம் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. அப்போதும் மூல நிரல் பற்றிக் கவலை குறைவாக இருந்ததற்கு இந்தச் சங்கிலிதான் காரணம். ஆயிரக்கணக்கானவர் கணினிகளில் அதே அடையாளங்கள் இருந்தன.

பெயர் மாற்றத்தை கிட் பதிவு செய்வதே இல்லை என்பது பலருக்கு அதிர்ச்சி தரும். சிவிஎஸ்ஸில் ஒரு கோப்பின் பெயரை மாற்றினால் பழையது செத்தது, புதியது பிறந்தது, இரண்டுக்கும் தொடர்பில்லை. பிட்கீப்பர் பெயர் மாற்றத்தைக் கவனமாக எழுதி வைத்தது. கிட் மூன்றாவது வழியில் போனது: நான் எழுதி வைக்கமாட்டேன், நீ கேட்கும்போது பார்த்துச் சொல்கிறேன். ஒரு கமிட்டில் ஒரு கோப்பு மறைந்து இன்னொன்று தோன்றியிருந்தால், இரண்டின் உள்ளடக்கத்தையும் ஒப்பிடும். வழக்கமான அளவுகோல்படி பாதிக்குப் பாதி ஒத்திருந்தால் அதுதான் இது என்று சொல்லும். 2005இல் இதை எதிர்த்துப் பலர் வாதாடினார்கள். டோர்வால்ட்ஸ் அசையவில்லை. மனிதர்கள் கோப்புகளை மட்டும் இடம் மாற்றுவதில்லை, ஒரு செயற்கூறை இங்கிருந்து வெட்டி அங்கே ஒட்டுகிறார்கள், கோப்பின் பெயரைத் துரத்தினால் அந்தப் பயணம் தெரியாது, உள்ளடக்கத்தைத் துரத்தினால்தான் தெரியும் என்பது அவர் வாதம். அவர் சொன்னது சரி என்பதற்கு நம் ஸ்கெட்.சியே சாட்சி சொன்னது.

அதற்கு முன் 2007இல் நடந்ததைச் சொல்லவேண்டும். கான் கோலிவாஸ் ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவர். ஓய்வு நேரத்தில் கர்னலில் வேலை செய்தவர். வீட்டுக் கணினியில் பாட்டு ஓடும்போது திக்கக் கூடாது, சுட்டி நகரும்போது தடுக்கக் கூடாது என்பதே அவர் கவலை. எந்தப் பணி முக்கியம் என்று ஊகித்து ஊகித்துச் சலுகை தருவதை விட, எல்லாவற்றுக்கும் நியாயமாகப் பங்கிட்டால் போதும் என்று ஒரு முறைவழங்கியை எழுதிக் காட்டினார். அந்த ஆண்டு ஏப்ரலில் இங்கோ மோல்னார் அதே கருத்தில் தானே வேறொரு முறைவழங்கியை எழுதி வெளியிட்டார். இதுவரை குறைவாக ஓடியவருக்கு அடுத்த முறை என்பது அதன் விதி. நியாயப் பங்கீடு சாத்தியம் என்று காட்டியவர் கோலிவாஸ்தான் என்று மோல்னாரே வெளிப்படையாகச் சொன்னார். கர்னலுக்குள் போனது மோல்னாருடையது, அக்டோபரில் வந்த 2.6.23 பதிப்பில். கோலிவாஸ் மனம் நொந்து கர்னல் வேலையை விட்டு விலகினார். ஸ்கெட்.சியின் தலைப்புப் பட்டியலில் ஒரு வரி ஏறியது: 2007 ஏப்ரல் 15, கான் கோலிவாஸின் நியாயப் பங்கீட்டு வடிவமைப்பைக் கொண்டு பழைய ஊகங்களை மாற்றும் வேலை தொடக்கம். அதே பட்டியலில் ஜூலை 1 அன்று ஸ்ரீவத்ஸ வட்டகிரியின் குழுப் பங்கீடு.

2011 நவம்பரில் கோப்பு வீடு மாறியது. கர்னல் ஃபோல்டரில் ஸ்கெட் என்று தொடங்கும் கோப்புகள் பெருகிவிட்டன, அவற்றுக்கென்று தனி ஃபோல்டர் கொடுப்போம் என்று பீட்டர் ஜைல்ஸ்ட்ரா ஒரு கமிட் போட்டார். நிரலில் மாற்றம் இல்லை, இடம்தான் மாறுகிறது என்று செய்தியிலேயே எழுதியிருந்தார். ஸ்கெட்.சி அந்தப் புதிய ஃபோல்டருக்குள் கோர்.சி ஆனது. 20 ஆண்டு பழகிய பெயர் அன்றோடு போனது. ஆனால் ஆயிரக்கணக்கான வரிகள் அப்படியே இருந்ததால் கிட்டுக்கு ஆளை அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை.

இதை நீங்களே பார்க்கலாம். கர்னல் களஞ்சியத்தை இறக்கிக்கொண்டு கோர்.சியின் மேல் கிட் பிளேம் ஓட்டுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இடதுபக்கத்தில் கமிட் அடையாளம், எழுதியவர் பெயர், தேதி வரும். ஒரு மனைக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பது போலத்தான். 2011க்கு முந்தைய வரிகளுக்குப் பக்கத்தில், கேட்காமலேயே, பழைய பெயர் வந்து நிற்கும்: கர்னல், ஸ்கெட்.சி. கிட் லாக் கட்டளை மட்டும் தானாகப் பின்தொடராது, ஃபாலோ என்று சேர்த்துச் சொல்லவேண்டும். 2024இல் கோர்.சியின் ஒரு பெரிய பகுதியைப் பிரித்து சிஸ்கால்ஸ்.சி என்று தனிக் கோப்பாக்கினார்கள். அதன் மேல் வெறும் பிளேம் ஓட்டினால் பிரித்தவர் பெயர்தான் எங்கும் வரும். பெரிய சி என்ற குறியைச் சேர்த்து ஓட்டினால், அந்த வரிகள் கோர்.சியில் இருந்தபோது எழுதியவர்களின் பெயர்கள் எழுந்து வரும். வெட்டி ஒட்டிய செயற்கூறின் பயணம் என்று டோர்வால்ட்ஸ் 2005இல் வாதாடியது இதைத்தான்.

தலைப்பிலிருந்த அந்தத் தேதிப் பட்டியல் இன்று கோர்.சியில் இல்லை. வரலாற்றை கிட் வைத்திருக்கும்போது கோப்புக்குள் எதற்கு என்று பிற்காலத்தில் எடுத்துவிட்டார்கள். 1991 என்று தொடங்கும் டோர்வால்ட்ஸின் பதிப்புரிமை வரி இன்னும் இருக்கிறது. கோலிவாஸின் பெயரைத் தலைப்பில் காணாமல் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பிறகு கிட் லாக் கட்டளையோடு பெரிய எஸ் என்ற குறியைப் போட்டு அந்த வாசகத்தைத் தேடினேன். அந்த வரி எப்போது நுழைந்தது, எப்போது நீங்கியது, இரண்டு கமிட்டும் எழுதியவர் பெயரோடு வரிசையாக வந்தன. களஞ்சியத்தில் நீக்கியது எதுவும் அழிவதில்லை. கர்னல் களஞ்சியத்தை முழு வரலாற்றோடு இறக்கியிருக்கும் ஒவ்வொரு கணினியிலும் அந்த வரி இன்றும் இருக்கிறது.

ஆனால் பழைய வரிகளை இன்னும் பின்னால் துரத்திக்கொண்டு போனால் ஓரிடத்தில் முட்டிக்கொள்வீர்கள். பிளேம் காட்டும் அடையாளத்துக்கு முன்னால் கூரை போல ஒரு சிறிய குறி நிற்கும். இதற்கு மேல் தாய்ப்பத்திரம் இல்லை என்று பொருள். 1டிஏ177ஈ4, 2005 ஏப்ரல் 16, லினஸ் டோர்வால்ட்ஸ். அந்த வரியை எழுதியவர் க்ரோத்தாக இருக்கலாம், ஆர்காஞ்சேலியாக இருக்கலாம், மோல்னாராக இருக்கலாம். அந்தச் சுவரில் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்.

கர்னலுக்கு அந்தச் சுவரைத் தாண்டவும் வழி இருக்கிறது. பிட்கீப்பர் காலத்து வரலாற்றைத் தாமஸ் க்ளைக்ஸ்னர் கிட் வடிவத்தில் தனிக் களஞ்சியமாகச் செய்து வைத்திருக்கிறார். அதற்கும் முந்தைய டார் மூட்டைகளை ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கமிட்டாக அடுக்கிய களஞ்சியங்களும் உண்டு. கிட் ரீப்ளேஸ் என்ற கட்டளையால் இவற்றைத் தைத்துவிட்டால், ஹெல்சிங்கியின் அந்த 250 வரி வரைக்கும் நடந்தே போகலாம். போய்ப் பார்த்தால் பழைய கெட்பிஐடி ஸ்கெட்.சியிலிருந்து கிளம்பி இன்று சிஸ்.சியில் குடியிருப்பது தெரியும். 2023இல் 6.6 பதிப்பில் நியாயப் பங்கீட்டின் விதியே மறுபடி மாறியதும் தெரியும். மாற்றவேண்டி வராது என்று எழுதிய அந்தக் குறிப்பு எந்தப் பதிப்புவரை தாங்கியது என்பதையும் நீங்களே தேடிப் பிடிக்கலாம்.

கர்னலுக்கு இது வாய்த்தது, பழைய பதிவுகளை யாரும் தூக்கி எறியாததால். உங்கள் அலுவலகத்தில் இந்த ஆண்டு ஒரு களஞ்சியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறப் போகிறீர்கள் என்றால் வரலாற்றையும் கூடவே கொண்டுபோங்கள். அதற்கான கருவிகள் இருக்கின்றன, ஓரிரு நாள் கூடுதலாக ஆகலாம். அதற்கும் முடியவில்லை என்றால் பழைய களஞ்சியத்தின் ஒரு முழு நகலை எடுத்து, படிக்க மட்டும் என்று பூட்டி, புதியதின் முதல் கமிட் செய்தியில் அது எங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பழைய சர்வரை அதற்குப் பிறகு அணைக்கலாம்.